கூரைக்கு வெள்ளையடிப்பது யார் வேலை?

சித்திரை மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். வீடுகள் எல்லாம் திறந்து கிடக்கும், உள்ளே ஆள் இருக்காது. ஒற்றை வேப்பமரம் இருந்தால் அதன் அடியிலும், இல்லாவிட்டால் தண்ணீர்த்தொட்டியின் நிழலிலும் சனம் உட்கார்ந்திருக்கும். நிழல் நகர நகர பாயும் நகரும். போன வருடம் அப்படி ஒரு காலனியில் கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். மரத்தடியில் தலைக்கு முந்தானையைச் சுருட்டி வைத்துப் படுத்திருந்த ஒரு பெரியம்மாவிடம், வீட்டுக்குள்ளே ஃபேன் போட்டுப் படுக்கலாமே என்று எங்களில் ஒருவர் அப்பாவியாகக் கேட்டுவிட்டார். "உள்ள போயி எவன் வேவுறது தம்பி?" என்றார் அந்தம்மா. அதற்குமேல் அவரிடம் கேட்க எங்களிடம் கேள்வி இல்லை.

அவருடைய வீடு அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பத்துக்குப் பத்தில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் இடம், தலைக்கு மேலே தாழ்வான காங்கிரீட் தளம். ஊர்த்தெருவில் வீடு கட்டுகிறவர்கள் காங்கிரீட்டை அப்படியே வெயிலுக்குக் காட்டிவிட மாட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வசதி இருந்தால் மேலே இன்னொரு மாடி எழுப்புவார்கள். அந்த மாடியே கீழே இருக்கிறவர்களுக்குக் குடை. நாங்கள் ஏறிப் பார்த்த தொகுப்பு வீடுகள் பலவற்றில் இது எதுவும் இல்லை. வெறும் காங்கிரீட், மழையிலும் பாசியிலும் கறுத்துப்போய், சூரியனுக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலைந்து அங்குல கனத்தில் கிடக்கிறது.

இதில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் விழுகிறது. வீட்டில் சட்டை தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியும் கிட்டத்தட்ட அதே 1000 வாட்தான். 300 சதுர அடி தளம் என்றால் 28 சதுர மீட்டர். அதாவது 28 இஸ்திரிப்பெட்டிகளை சூடேற்றி அந்த வீட்டின் தலையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கறுத்துப்போன காங்கிரீட் இதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை விழுங்கிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு அடித்த தளமோ முக்கால் பங்கையும் அதற்கு மேலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இருபது இஸ்திரிப்பெட்டி இருந்த இடத்தில் ஆறு, ஏழுதான் மிச்சம். விழுங்கியது அத்தனையும் உள்ளே இறங்காது, காற்றோடும் கொஞ்சம் போகும். ஆனால் காங்கிரீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பகலெல்லாம் வாங்கிச் சேர்த்த சூட்டை சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை மெதுவாகக் கீழே இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே அனல் அடிப்பது அதனால்தான்.

நடவுக்கும் செங்கல் சூளைக்கும் சாக்கடைக்கும் சித்தாள் வேலைக்கும் போய்விட்டு வருகிற உடம்புக்கு இந்த ராத்திரிதான் முக்கியம். பகலில் வெந்த உடம்பு இரவில் ஆறினால்தான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போக முடியும். இரவும் ஆறாவிட்டால் இதயமும் சிறுநீரகமும் அடி வாங்கும். ஃபேன் இருக்கிறதே என்பார்கள். அறையின் காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் செய்வது அந்தச் சூட்டைச் சுழற்றி முகத்தில் அடிப்பதைத்தான். ஏசி இருக்கிறவர் பட்டனை அழுத்திக்கொள்கிறார். அந்த ஏசி தள்ளும் சூடு யார் சந்துக்குப் போகிறது என்பது வேறு கதை.

கூரைக்கு வெள்ளை அடித்தால் ஒற்றைத்தள வீடுகளின் உள்வெப்பம் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறையும். இதில் யாருடைய கண்டுபிடிப்புப் பெருமையும் இல்லை. மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊர்க் கொத்தனார் அத்தனை பேருக்கும் தெரிந்த வேலை. இப்போது அதற்கு 'கூல் ரூஃப்' என்று பெயர் வைத்து, சுண்ணாம்பைவிட நீடித்து உழைக்கும் பூச்சுகளும் வெள்ளை டைல்ஸும் விற்கிறார்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

அரசாங்கங்கள் இதைத் தாமதமாகத்தான் கவனித்தன. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டால் அந்த மாதத்தில் மட்டும் 1,344 மரணங்கள் கூடுதல். அந்த நகரத்தின் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவு மேல்மாடியில், நேராகக் கூரைக்கு அடியில் இருந்தது. அதைத் தரைத்தளத்துக்கு மாற்றிய பிறகு வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. கூரை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டியதில்லை. 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது, 2017-இல் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தது. தெலங்கானா 2023-இல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்பது அவர்களுடைய இலக்கு. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். அரசுப் பள்ளிகளில் குளிர்கூரைத் திட்டமும் பேசப்படுகிறது. நல்லது.

வெப்பத்தால் இறந்தால் இழப்பீடு உண்டு என்றார்கள். வேலைத்தளத்தில் சுருண்டு விழுந்தவருக்காவது நாலு பேர் சாட்சி இருப்பார்கள். தகரக்கொட்டகைக்குள் ராத்திரி மூச்சடங்கிப்போன கிழவிக்கு யார் சாட்சி? "வயசாயிடுச்சு" என்று எடுத்துப்போட்டு விடுகிறோம். நாமே அப்படித்தான் சொல்கிறோம்.

இந்த விசயத்தை எங்கள் கூட்டங்களில் எடுத்தபோது முதல் எதிர்ப்பு நம்முடைய தோழர்களிடமிருந்தே வந்தது. நிலம் கேட்க வேண்டிய நாம் பெயிண்ட் டப்பா கேட்பதா? ஆணவக்கொலை நடந்துகொண்டிருக்கும் நாட்டில் வெள்ளையடிக்கிற போராட்டமா? கேள்வியின் நியாயம் புரிகிறது. பஞ்சமி நிலத்தை மறக்கச் செய்ய ஆயிரம் நலத்திட்டங்களை நீட்டிய வரலாறு நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வெயிலை ஏதோ சாதிக்கு அப்பாற்பட்ட இயற்கை என்று நாம் ஒதுக்கிவிட்டால், அந்த இடத்தில் ஏமாறுவது நாம்தான்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று போகிற அந்தப் பட்டியலின் எட்டாவது தடை, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது என்பது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே சுடுமண், இரண்டுக்கும் நடுவே ஒரு மறைப்பும் இருக்கக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தடை போட்டிருக்கிறார். நிழல் என்பது அந்தஸ்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் ஆலமரத்தடி யாருக்கு, சேரிக்கு ஒதுக்கிய களர் நிலத்தில் ஏன் மரம் வளரவில்லை, மூன்று சென்ட் மனையில் வீட்டைக் கட்டிய பிறகு மரம் நட எந்த மூலை மிச்சம் என்பதெல்லாம் அந்த எட்டாவது தடையின் தொடர்ச்சிதான்.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு உபதேசம் வருகிறது. காங்கிரீட்டே தப்பு, பனையோலையும் கீற்றும் வேய்ந்த கூரைதான் குளிர்ச்சி, மரபுக்குத் திரும்புங்கள் என்கிறார்கள் சுற்றுச்சூழல் நண்பர்கள். கீற்றுக் கூரை குளிர்ச்சி என்பது உண்மை. அதில் பிறந்து வளர்ந்த நமக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதுவும் குளிர்ச்சியான கூரைதான். ஒரு தீக்குச்சிக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகத் தூக்கம் கெட்டவர்கள் கல்வீடு கேட்டார்கள். கல்வீடு கட்டினாலும் விடவில்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் காங்கிரீட் வீடுகளுக்குள்ளும் புகுந்து கொளுத்தினார்கள், நம் ஆட்கள் வீடு கட்டி வாழ்ந்ததே அவர்களுக்குக் கண்ணை உறுத்தியது. ஆகவே காங்கிரீட்டை விட்டு நாங்கள் இறங்குவதாக இல்லை. மூங்கிலும் மண்ணும் வைத்துக் கோடிக்கணக்கில் பண்ணைவீடு கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும். எங்களுக்குத் தீப்பிடிக்காத கூரையும் வேண்டும், வேகாத கூரையும் வேண்டும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கூரை குளிர்விப்பு பற்றிய பேச்செல்லாம் "மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்பதில் போய் முடிகிறது. யாருக்கு விழிப்புணர்வு? அந்தத் தளத்தின் கனம், நிறம், உயரம், அதன் மேல் தட்டோடு உண்டா இல்லையா என்பதை எதையும் அந்தப் பெரியம்மா முடிவு செய்யவில்லை. ஒரு பொறியாளர் வரைபடம் போட்டார், ஓர் அதிகாரி மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டார், ஒரு ஒப்பந்ததாரர் கட்டினார். சூட்டைக் கட்டிக்கொடுத்தது அரசு. அதைக் கழற்றுவதும் அரசின் வேலை. நூறுநாள் கூலியில் மிச்சம் பிடித்து அவர் பூச்சு வாங்கி அடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதும், தொண்டு நிறுவனம் வந்து நாலு வீட்டுக்கு அடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதும் ஒரே திசையில்தான் போகின்றன. இரண்டிலும் அரசு தப்பித்துவிடுகிறது.

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி காங்கிரீட் தளம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்கிறார்கள். அதாவது இன்னும் முப்பது, நாற்பது வருடம் வெயிலில் நிற்கப்போகிற கூரைகள் இப்போது வார்க்கப்படுகின்றன. தளம் வார்க்கும்போதே மேலே வெள்ளைத் தட்டோடோ பூச்சோ போட்டுவிட்டால் ஆகிற செலவு, மொத்த மதிப்பீட்டில் சின்னத் துண்டு. பிறகு தனியாக ஆள் வைத்து, சாமான் ஏற்றிச் செய்வது எப்போதும் கூடுதல். எனவே புதிய வீடுகளின் மதிப்பீட்டில் அது தனி வரியாக இடம்பெற வேண்டும், அதற்கான தொகை மானியத்தோடு கூட்டித் தரப்பட வேண்டும், பயனாளியின் தலையில் கட்டக் கூடாது. பழைய தொகுப்பு வீடுகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. நம் பேருக்கு ஒதுக்கும் பணத்தை நமக்குச் சம்பந்தமில்லாத பொதுச் செலவில் கரைக்கிற பழைய வித்தையை விட்டு, நம் தலைக்கு மேலே இருக்கிற கூரையில் அதைப் போடட்டும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிற தளத்துக்கு மேலே வெள்ளை அடித்துவிட்டு 'குளிர்கூரை கிராமம்' என்று போர்டு வைக்க விடக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தேவை பூச்சு அல்ல, புதுத்தளம். சில இடங்களில் புது வீடு.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கவனம் வேண்டும். கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்து பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே எட்டடுக்குக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் பலன் முக்கியமாக மேல்தளத்துக்குத்தான். நடுவில் இருக்கிறவர்களுக்குச் சுவரும் சன்னலும் காற்றோட்டமும்தான் பிரச்சினை. அங்கே கூரையைக் காட்டிக் கணக்கு முடிப்பதை ஏற்க முடியாது.

மாணவர்களுக்கு நேராகச் சொல்ல வேண்டியது விடுதிகளைப் பற்றி. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஆயிரத்துக்கும் மேல். 2025-இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயரில் இருந்த சாதி போனது வரவேற்கத்தக்கதுதான். அந்தப் பெயர்ப்பலகைக்கு மேலே ஏறி மொட்டைமாடியை யாராவது பார்த்தார்களா? மேல்மாடி அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் பதினோரு மணிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். நம்மில் பலர் அப்படி ஓடியவர்கள்தான். இதை முதலில் சரிசெய்யக் கேட்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. கட்டடம் அரசுடையது, பட்டா இல்லை, வாடகைக் கட்டடம் போன்ற சாக்குகள் சொந்தக் கட்டட விடுதிகளில் செல்லாது.

தோழர்கள் சிலர் தாங்களே கிளம்பி அடித்துவிடலாம் என்று ஆர்வமாக இருக்கிறீர்கள். ஒன்றிரண்டு வீட்டில் அடித்துக் காட்டுவதில் தப்பில்லை, சூட்டின் வித்தியாசத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சனம் நம்பும். ஆனால் ஏறும் முன் சில விசயங்கள். காங்கிரீட் தளம் என்றால் பாசியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்பை அடைத்து, காயவிட்டு, அப்புறம் இரண்டு கை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டாது. வருடாவருடம் பங்குனியில் அடிக்க வேண்டியிருக்கும். நல்ல பூச்சு சில வருடம் நிற்கும், ஆனால் தூசு படிந்தால் அதுவும் மங்கும், கழுவ வேண்டும்.

தகரத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். பளபளவென்று இருக்கிறதே, வெயிலைத் திருப்பி அனுப்பாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் அனுப்பும். ஆனால் வாங்கிய சூட்டை வெளியே விடுகிற குணம் வெறும் தகரத்துக்குக் குறைவு, அதனால்தான் அது தொட முடியாமல் கொதிக்கிறது. அதன் மேல் வெள்ளைப் பூச்சு இருந்தால் திருப்பியும் அனுப்பும், வாங்கியதையும் வானத்துக்கு விட்டுவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் விளையாட வேண்டாம். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய். காய்ந்த ஷீட்டைச் சுரண்டுவதோ கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடவே கூடாது. பழைய ஷீட் ஆள் கனத்தையும் தாங்காது, மேலே கால் வைத்தவர் ஷீட்டோடு உள்ளே விழுந்து போவது நம் ஊர்களில் புதிதல்ல. பெயிண்ட் அடிக்க ஏற்றிவிடப்படும் கூலியாள் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அரசு இந்த வேலையை எடுத்துச் செய்யும்போது சாரம், பாதுகாப்புப் பெல்ட், காப்பீடு எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸுக்கு நம் கோரிக்கை பூச்சு அல்ல, மாற்றுக்கூரை.

மே 1 கிராமசபை வருகிறது. வருடத்தின் கிராமசபைகளில் வெயில் உச்சத்தில் கூடுவது அதுதான், அன்றைக்குக் கூரையைப் பற்றிப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்குள் ஒவ்வொரு குழுவும் தன் பக்கத்துக் காலனியில் ஒரு வாரம் உட்கார வேண்டும். நூறு இருநூறு ரூபாய்க்குச் சுவரில் மாட்டுகிற வெப்பமானி கிடைக்கும். நாலு வாங்குங்கள். ஒன்று தொகுப்பு வீட்டுக்குள், ஒன்று தகரக்கொட்டகைக்குள், ஒன்று மரத்தடியில், ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்குள். மதியம் இரண்டு மணி, ராத்திரி பத்து மணி, விடியற்காலை நாலு மணி, மூன்று வேளையும் குறித்து வையுங்கள். எத்தனை வீடு, எந்த வருடம் கட்டியது, மேலே தட்டோடு உண்டா, தளம் ஒழுகுகிறதா, பட்டா யார் பேரில் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் கூரைக்கு அடியில் இருக்கிற நிலத்தின் கதையும் தானாக வெளியே வரும். பெயிண்ட் டப்பாவா என்று கோபப்பட்ட தோழர்கள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகல், ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமசபையில் நம் ஆட்கள் பேசியதும் "பரிசீலிக்கிறோம், உட்காருங்க" என்பார்கள். உட்காரலாம். ஆனால் தீர்மானம் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.